கேள்வி – பதில்: ஆட்டத்தின் நடுவில் அறுந்துபோகும் கன்ட்ரோலர்

கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே கேம் கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்துபோகிறது என்று இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாருக்கும் தொல்லை ஒன்றுதான், காரணம்தான் வேறு வேறு. எந்த நேரத்தில் அறுகிறது, அப்போது பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கவனித்து எழுதியவர்களுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது.

எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரை மைக்ரோ யுஎஸ்பி ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் விளையாடுகிறேன். காலையிலும் ராத்திரியிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிங்-டொங்’ என்ற சத்தத்தோடு அறுந்து, இரண்டு நொடியில் தானாகவே திரும்பி வருகிறது. மதிய வெயிலில் ஒரு தொல்லையும் இல்லை. எங்கள் வீடு கடலை ஒட்டியே இருக்கிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?
— வாசகர், பாம்பன்

வாங்க வேண்டாம். ‘மதியம் நன்றாக இருக்கிறது’ என்று எழுதினீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. உங்கள் போர்ட்டில் உப்பு படிந்திருக்கிறது.

கடற்காற்றோடு வரும் நுண்ணிய உப்புத்துளி வீட்டுக்குள் எல்லாப் பொருள் மேலும் படிகிறது. தென்கடல் பக்கம் ஆடிக் காற்றிலும், வடகடல் பக்கம் வாடையிலும் இது அதிகம். காய்ந்திருக்கும்வரை அந்த உப்பால் பெரிய கெடுதல் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்பே கசியும். சமையலறையில் கல்லுப்பு ஜாடி கசிந்து நிற்கும் காலை வேளையில், உங்கள் யுஎஸ்பி போர்ட்டுக்குள்ளும் அதேதான் நடக்கிறது.

மைக்ரோ யுஎஸ்பி சொருகில் ஐந்து பின்கள் உண்டு. ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 0.65 மில்லிமீட்டர்தான். அந்த இடுக்கில் உப்புநீர் ஒரு படலமாக நின்றால் மின்சாரம் கசியும். நாளடைவில் பின் அரித்து, தொடும் இடத்தில் மின்தடை ஏறும். கன்ட்ரோலருக்குப் போகும் 5 வோல்ட் கண் இமைக்கும் நேரம் தாழ்ந்தால் போதும், ‘யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். மறுபடி மின்சாரம் சரியானதும் புதிதாகச் சொருகியதுபோல முதலிலிருந்து அடையாளம் கேட்கும். நீங்கள் கேட்கும் இரண்டு சத்தமும் அந்த இரண்டு நொடியும் இதுதான்.

முதலில் எந்த முனையில் கோளாறு என்று பிடியுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ என்று தேடித் திறந்தால், இணைந்திருக்கும் கன்ட்ரோலரின் பெயர் ஒரு சின்ன ஜன்னலில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே, கன்ட்ரோலர் பக்கச் சொருகை விரல் நுனியால் மேலே, கீழே, இடம், வலம் என்று மெல்ல அழுத்துங்கள். பெயர் மறைந்தால் கோளாறு அங்கே. மறையாவிட்டால் கம்ப்யூட்டர் பக்கச் சொருகில் இதையே செய்யுங்கள். அங்கும் மறையாவிட்டால் ஒயரை ஒரு சாண் விட்டு ஒரு சாண் வளைத்துப் பாருங்கள். சொருகுக்கு அடுத்த இரண்டு அங்குலத்தில்தான் உள் கம்பி முறியும்.

அடுத்து, செல்போன் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச் அடித்துப் போர்ட்டுக்குள் பாருங்கள். நடுவில் நாக்குபோல் இருக்கும் பிளாஸ்டிக்கின் மேல் பின்கள் பொன்னிறமாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் பச்சை பூத்திருந்தால் செம்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. வெள்ளைப் பொடி மட்டும் என்றால் உப்பு. அது துடைத்தால் போகும். ஒயரின் சொருகையும் பாருங்கள். அதன் ஒரு முகத்தில் இரண்டு சின்னக் கொக்கிகள் உண்டு, அவைதான் பிடிமானம். அவை தேய்ந்து உள்ளே அமுங்கியிருந்தால் எவ்வளவு துடைத்தாலும் சொருகு ஆடும். ஒயரைத்தான் மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். மெல்லிய, மிருதுவான பிரஷை ஆல்கஹாலில் நனைத்து, உதறிவிட்டு, நாக்கின் நீளவாக்கில் பத்துத் தடவை தேயுங்கள். குறுக்காகத் தேய்த்தால் பின் வளையும். ஊசி, குண்டூசி எதுவும் உள்ளே போகக் கூடாது. பிறகு போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து அரை மணி நேரம் காயவிட்டு, மறுபடி ஒருமுறை செய்யுங்கள். முதல் தடவை உப்பு பெயரும், இரண்டாவதில்தான் வெளியேறும். கம்ப்யூட்டர் பக்கப் போர்ட்டுக்கும் இதே வேலை. சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பிசுபிசுப்பை விட்டுவிட்டு, அடுத்து வரும் உப்பை இன்னும் இறுகப் பிடித்துவைக்கும்.

கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில் சொருகுபவரானால் பின்பக்கத்துக்கு மாறுங்கள். முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே தனி ஒயர் ஓடுகிறது. அதன் இணைப்பும் அரிக்கும், வழியில் வோல்ட்டேஜும் குறையும்.

வாப்பா துபாயிலிருந்து வாங்கி வந்த டூயல்ஷாக் 4 (பிஎஸ் 4 கன்ட்ரோலர்). கம்ப்யூட்டரில் ப்ளூடூத் டாங்கிள் போட்டு விளையாடுகிறேன். ஹார்ட் டிஸ்கில் படம் காப்பி ஆகிற நேரத்தில் மட்டும் பட்டன் அழுத்தினால் தாமதமாக வேலை செய்கிறது, பிறகு அறுந்துபோகிறது. வைரஸா?
— வாசகர், கீழக்கரை

வைரஸ் இல்லை. நீங்கள் கவனித்த பொருத்தம் மிகச் சரியானது. யுஎஸ்பி 3.0 வேகத்தில் தரவு ஓடும்போது அந்தச் சொருகும் ஒயரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலை வெளியிடும். இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கியது. ப்ளூடூத் பேசுவதும் அதே இடத்தில்தான், 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை, 79 அலைவரிசைகளில் தாவித் தாவி. பக்கத்துப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடினால் டாங்கிளின் காது அடைத்துப்போகிறது. வெளி ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி 3.0 ஆக இருக்கும். அதன் சொருகு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை அதன் நுனியில் மாட்டி, கேபினெட்டின் பின்னாலிருந்து மேசைமேல் கொண்டு வாருங்கள். கன்ட்ரோலர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் டாங்கிள் இருக்க வேண்டும். கேபினெட்டின் பின்பக்கத்தில் செருகிய டாங்கிளுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் ஓர் இரும்புப் பெட்டியே நிற்கிறது. மனித உடம்பிலுள்ள தண்ணீரும் இந்த அலையை உறிஞ்சும், குறுக்கே ஆள் உட்கார்ந்தாலும் சிக்னல் குறையும். இந்த ஒரு ஒயரிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மிச்சம் இருந்தால் வைஃபையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது லேன் ஒயர் போடுங்கள். மாற்றிய பிறகு கன்ட்ரோலரை ப்ளூடூத் பட்டியலிலிருந்து நீக்கி, ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். விளக்கு இரட்டை இரட்டையாக மின்னியதும் புதிதாகச் சேருங்கள். இன்னொன்றும் உண்டு. வீட்டில் பிஎஸ் 4 இருந்து, அதில் ஒயர் போட்டு இதே கன்ட்ரோலரை யாராவது சார்ஜ் ஏற்றினால், அது கம்ப்யூட்டரை மறந்து பிஎஸ் 4-ஓடு சேர்ந்துகொள்ளும். டூயல்ஷாக் 4 ஒரே ஒரு கருவியைத்தான் நினைவில் வைக்கும். அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் ஒயர்லெஸ் கன்ட்ரோலரில் கார் மோதும்போதும் குண்டு வெடிக்கும்போதும் மட்டும் அணைந்துவிடுகிறது. பேட்டரி புதுசுதான் சார், நேற்றுதான் பெட்டிக்கடையில் வாங்கினேன்.
— வாசகர், ஏர்வாடி

மோதும்போது என்ன நடக்கிறது? கன்ட்ரோலருக்குள் அதிர்வு மோட்டார் சுழல்கிறது. மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்சாரம் திடீரென்று அதிகமாக இழுக்கப்படும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சிக்கன விலை பேட்டரி ஜிங்க்-கார்பன் வகை. அதன் உள்மின்தடை அதிகம். இழுத்தவுடன் வோல்ட்டேஜ் சரிந்து கன்ட்ரோலர் அணைகிறது. கடிகாரத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பேட்டரி, மோட்டாருக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை, வேலைக்கு ஏற்ற பேட்டரி அது இல்லை.

சோதிக்க வழி எளிது. விளையாட்டின் செட்டிங்கில் வைப்ரேஷனை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விளையாடுங்கள். இணைப்பு அறவில்லை என்றால் காரணம் உறுதி. அல்கலைன் என்று அச்சிட்ட டபுள் ஏ இரண்டு போடுங்கள். தினமும் விளையாடுவதானால் 1900 அல்லது 2000 எம்ஏஎச் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி நான்கும் ஒரு சார்ஜரும்தான் எங்கள் சிபாரிசு. அவை 1.5 வோல்ட் இல்லை, 1.2 வோல்ட்தான், ஆனாலும் உள்மின்தடை குறைவாக இருப்பதால் மோட்டார் இழுக்கும்போது தளராமல் நிற்கும். பழசையும் புதுசையும் கலந்து போடாதீர்கள்.

பேட்டரி மாற்றியும் அறுந்தால், பேட்டரி அறையின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகவோ, அடிச்சுற்றில் செந்துருவாகவோ இருந்தால் அங்கே மின்தடை. அல்கலைன் பேட்டரி கசிந்த வெள்ளைப் பொருக்கு என்றால் பட்ஸில் இரண்டு சொட்டு வினிகர் தொட்டுத் துடையுங்கள். அது காரம், வினிகர் பட்டதும் நுரைத்துக் கரையும். உடனே ஆல்கஹால் தொட்ட இன்னொரு பட்ஸால் வினிகரையும் துடைத்தெடுங்கள். பொட்டலத்து அலுமினியத் தாளை மடித்து ஸ்பிரிங்கில் வைக்கும் பழக்கம் வேண்டாம். அது நழுவி இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் பேட்டரி சூடேறும்.

லேப்டாப்பில் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் கன்ட்ரோலர் செத்துக் கிடக்கிறது. விளையாடும்போது ஒன்றும் ஆவதில்லை.
— வாசகி, தொண்டி

எக்ஸ்பாக்ஸ் ஒயர்லெஸ் என்றால் 15 நிமிடம் தொடாமல் வைத்தால் தானாக அணையும்படிதான் செய்திருக்கிறார்கள். நடுவிலுள்ள பட்டனை அழுத்தினால் வந்துவிடும்.

ஒயர் போட்டும் இப்படி ஆகிறதென்றால் விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்’ என்பதை விரியுங்கள். ‘யுஎஸ்பி ரூட் ஹப்’ என்று இருப்பவை ஒவ்வொன்றிலும் பிராப்பர்ட்டீஸ் போய், ‘பவர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில், இந்தக் கருவியை அணைக்கக் கம்ப்யூட்டருக்கு அனுமதி தரும் டிக்கை எடுத்துவிடுங்கள். ப்ளூடூத்தில் விளையாடினால் ‘ப்ளூடூத்’ தலைப்பின் கீழுள்ள அடாப்டருக்கும் அப்படியே. சில புதிய லேப்டாப்களில் இந்தப் பக்கமே இருக்காது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ‘ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதற்குள் ‘யுஎஸ்பி’ போய் ‘யுஎஸ்பி பேட்டரி சேவர்’ என்பதை அணையுங்கள். பழைய கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ தென்பட்டால் அதையும் ‘டிஸேபிள்ட்’ ஆக்குங்கள்.

ஃபேன் சுவிட்சைப் போட்டாலோ, தண்ணீர் மோட்டார் ஓடினாலோ கன்ட்ரோலர் ஒரு நொடி அறுகிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுருசுரு என்கிறது.
— வாசகர், சாயல்குடி

இரண்டாவது வரிக்காகவே உங்கள் கடிதத்தை முன்னே எடுத்தோம். விளையாட்டை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், இரைச்சலை எர்த்துக்கு அனுப்பச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அந்த மின்சாரம் போக இடமின்றி கேபினெட் மேலேயே நிற்கும். 230 வோல்ட் வரும் வீட்டில் ஏறத்தாழ அதில் பாதி, மிகக் குறைந்த ஆம்பியரில். அதுதான் அந்தச் சுருசுருப்பு. மூன்று பின் பிளக்கின் மேலே இருக்கும் பெரிய ஓட்டைதான் எர்த். பல வீடுகளில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே கொடுத்திருக்க மாட்டார்கள். கொடுத்திருந்தாலும், கடற்கரையில் எர்த் குழியிலுள்ள கம்பியும் நட்டும் உப்பில் அரித்து அறுந்திருக்கும். மேல்மணல் கோடையில் காய்ந்தால் மின்தடையும் ஏறும். சுவிட்ச் பெட்டியில் தொடர்ச்சியையும், எர்த் குழியில் இணைப்பையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இதை நீங்களே செய்ய வேண்டாம்.

எர்த் சரியானதும் அறுவது பெரும்பாலும் நின்றுவிடும். சுவிட்ச் பொறியும் மோட்டார் கிளம்பும் அதிர்ச்சியும் ஒயரில் ஏறி வருவதால்தான் யுஎஸ்பி தடுமாறுகிறது. மிச்சமிருந்தால் குட்டையான, பருமனான யுஎஸ்பி ஒயருக்கு மாறுங்கள். ஒயரின் மேல் கவ்விப் பிடிக்கும் ஃபெரைட் வளையத்தைக் கம்ப்யூட்டர் முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்குள் மாட்டுங்கள். யுஎஸ்பி 2.0 ஒயருக்கு 5 மீட்டர்தான் எல்லை, விளையாட இரண்டு மீட்டர் தாராளம்.

ப்ளூடூத்தில் ‘கனெக்டட்’ என்று காட்டுகிறது. விளையாட்டுக்குள் போனால் வேலை செய்வதில்லை, அல்லது ஒரே அழுத்தலுக்கு இரண்டு முறை குதிக்கிறது.
— வாசகர், மண்டபம்

இணைப்பு அறவில்லை, ஒரே கன்ட்ரோலரை இரண்டு மென்பொருள்கள் பிடித்து இழுக்கின்றன. ஸ்டீம் என்ற கேம் செயலியிலுள்ள ‘ஸ்டீம் இன்புட்’டும், டிஎஸ்4விண்டோஸ் என்ற கன்ட்ரோலர் மென்பொருளும் சேர்ந்து ஓடினால் இப்படித்தான் ஆகும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முழுதாக மூடுங்கள். அப்படியே கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பித்துவிடுங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு ‘எக்ஸ்பாக்ஸ் ஆக்சசரீஸ்’ செயலி, பிஎஸ் 5 கன்ட்ரோலரான டூயல்சென்ஸுக்கு சோனியின் ‘பிளேஸ்டேஷன் ஆக்சசரீஸ்’. ஒயர் போட்டுத்தான் செய்ய வேண்டும். சார்ஜ் மட்டும் ஏறும் ஒயரில் பச்சை, வெள்ளைத் தரவுக் கம்பிகள் இருக்காது, அதில் கம்ப்யூட்டருக்கு எதுவுமே தெரியாது.

2013-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் ப்ளூடூத்தே கிடையாது. நடுப் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், மேல் விளிம்புப் பட்டன்களோடு ஒரே துண்டாக வந்தால் பழசு. முகப்போடு சேர்ந்திருந்தால் ப்ளூடூத் உள்ளது.

டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர் படகில் கடல்தண்ணீரில் நனைந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வைத்திருக்கிறோம். காய்ந்தபின் வேலை செய்தது, இப்போது அடிக்கடி அறுகிறது.
— வாசகி, தங்கச்சிமடம்

அரிசியிலிருந்து இன்றே எடுங்கள். தண்ணீர் காய்ந்துவிட்டது, உப்பு உள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு ஈரமான ராத்திரியும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

பின்பக்கத்தில் நான்கு ஸ்டார் திருகுகள். கழற்றியதும் வெளிக்கூட்டைச் சட்டென்று பிரிக்காதீர்கள், இரண்டு பாதியையும் ஒரு ரிப்பன் இணைத்திருக்கும். முதலில் பேட்டரியின் சொருகை எடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அது திரும்ப வேண்டாம். சர்க்யூட் பலகையை வெளியே எடுத்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அரை லிட்டர் ஒரு கிண்ணத்தில் விட்டு, மென்மையான பல்பிரஷால் இரண்டு பக்கமும் கழுவுங்கள். குழாய்த்தண்ணீர் ஆகாது, நம் பக்கத்து நிலத்தடி நீரே உப்பு. தண்ணீரை மாற்றி இன்னொருமுறை. பிறகு 99 சதவீத ஆல்கஹாலில் ஒரு கழுவல். அது தண்ணீரை இழுத்துக்கொண்டு ஆவியாகும். மோட்டாரையும் பேட்டரியையும் நனைக்கக் கூடாது. ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

சார்ஜிங் போர்ட் பச்சை பிடித்திருந்தால் துடைத்துப் பயனில்லை. டூயல்ஷாக் 4-இல் அது தனிச் சின்னப் பலகை, சால்டரிங் இல்லாமல் மாற்றலாம். ரிப்பன் 12 பின், 14 பின் என்று வேறுபடும். பழைய பலகையில் ஜேடிஎஸ் என்று தொடங்கி ஓர் எண் அச்சிட்டிருக்கும், அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸில் போர்ட் முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பதால், செல்போன் ஜாக் மாற்றும் கை தேர்ந்தவரிடம் கொடுப்பதே நல்லது. திறக்க நடுவில் ஓட்டையுள்ள டி8 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். ஐந்து திருகுகளில் ஒன்று பேட்டரி அறை ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

விளையாடாத நேரத்தில் எப்படி வைப்பது?
— வாசகர், தேவிபட்டினம்

ரப்பர் வளையம் உள்ள காற்றுப் புகாத டப்பாவில், 50 கிராம் சிலிக்கா ஜெல் பையோடு. பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள். பையிலுள்ள ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் நிரம்பிவிட்டது. சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில் 120 டிகிரி அளவு சூட்டில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்துப் போகும்போது டப்பாவை மூடியபடியே கொண்டுபோய், அரை மணி கழித்துத் திறங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் கடற்காற்று பட்டால் உடனே வியர்த்துவிடும்.